ஒரே ஒரு பாட்டில்தான் என்றால்: சர் வின்ஸ்டன் சர்ச்சிலா, கோம்ட் த ஷாம்பெயினா, கிரிஸ்டலா?

பெரிய விலை கொடுத்து ஒரு விண்டேஜ் ஷாம்பெயின், அதாவது ஒரே ஆண்டின் திராட்சையில் செய்தது, வாங்க முடிவு செய்தவர்களில் பலர் கடைக்குள் நுழைந்ததும் டோம் பெரிஞோனைத்தான் தேடுவார்கள். நல்ல ஷாம்பெயின், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது எல்விஎம்ஹெச் என்ற பெரிய ஆடம்பரப் பொருள் குழுமத்துக்குச் சொந்தம். க்ரூக், வவ் க்ளிக்கோ, ருயினார் என்ற மற்ற ஷாம்பெயின் நிறுவனங்கள் எல்லாமே அதே குழுமத்தின் கையில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய அதே விலை வரிசையில், இன்றும் குடும்பங்களே நடத்துகிற நிறுவனங்களின் ஷாம்பெயின்களும் கிடைக்கின்றன. அவற்றில் மூன்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில் எபெர்னே நகரில் உள்ள போல் ரோஜேயின் ‘சர் வின்ஸ்டன் சர்ச்சில்’, ரான்ஸ் நகரில் உள்ள டைட்டிங்கரின் ‘கோம்ட் த ஷாம்பெயின்’, அதே ரான்ஸில் இருக்கும் லூயி ரோடெரரின் ‘கிரிஸ்டல்’.

இது சேகரிப்பாளர்களுக்கான கட்டுரை இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், பெற்றோரின் பணி ஓய்வு, புது வீடு என்று ஏதோ ஒரு நாளுக்காக ஒரே ஒரு பாட்டிலை வாங்கித் திறந்து குடிக்க நினைப்பவர்களுக்கானது. அந்தக் கேள்விக்கு என் பதில் சர்ச்சில். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். எந்தச் சூழ்நிலையில் மற்ற இரண்டும் அதைவிடப் பொருத்தமாகும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். குடும்ப நிறுவனம் என்பதால் குடிப்பவருக்கு என்ன லாபம்? லேபிளில் தாத்தா படம் இருப்பதால் மது ருசியாகிவிடாது. விஷயம் காத்திருப்பதில் இருக்கிறது. ஷாம்பெயின் இரண்டு முறை நொதிக்கிறது. முதல் முறை தொட்டியிலோ பீப்பாயிலோ சாதாரண மதுவாக. பிறகு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து மூடியதும் உள்ளேயே இரண்டாம் முறை. குமிழிகள் அப்போதுதான் உருவாகின்றன. வேலை முடித்துச் செத்த ஈஸ்ட் பாட்டிலிலேயே வண்டலாகத் தங்குகிறது. அந்த வண்டலோடு மது எத்தனை வருடம் கிடக்கிறதோ அத்தனைக்கு ரொட்டி, வறுத்த பாதாம், தேன் போன்ற மணங்கள் கூடுகின்றன. சட்டப்படி ஆண்டு போடாத ஷாம்பெயின் நிலவறையில் 15 மாதம் இருந்தால் போதும். ஒரே ஆண்டின் திராட்சையில் செய்த விண்டேஜுக்கு 3 வருடம். நான் சொல்லும் மூன்றும் இதைவிட மிக நீண்ட காலம் உள்ளே கிடப்பவை. கோம்ட் பத்து வருடத்தை நெருங்கும்.

அந்தப் பத்து வருடமும் பணம் நிலவறையில் முடங்கிக் கிடக்கிறது. விளைச்சல் சரியில்லாத ஆண்டில் இந்த உயர்ந்த ரகத்தைச் செய்யவே கூடாது என்று முடிவெடுக்கவும் வேண்டும். பெரிய குழுமங்களாலும் இதைச் செய்ய முடியும், செய்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் இதைச் செய்யும்போது அது தன் சொந்தச் சொத்தை வைத்துச் செய்கிறது. அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கும் அதில் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கணக்கு மூன்று குடும்பங்களிலும் மூன்று விதமாக ஓடியிருக்கிறது. மூன்று மதுக்களும் இவ்வளவு வேறுபட்டு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போல் ரோஜே: இடிந்த நிலவறையிலிருந்து

போல் ரோஜே என்பது ஓர் ஆளின் பெயர். ஆயி என்ற சிற்றூரில் நோட்டரி ஒருவரின் மகன். இருபது வயதுகூட ஆகாத நிலையில், 1849-இல், மது வியாபாரத்தைத் தொடங்கினார். பின்னர் எபெர்னேக்கு இடம் மாறினார். பிரிட்டிஷ் சந்தையில் உலர்ந்த, சர்க்கரை குறைந்த ஷாம்பெயினுக்கு ஆசை பிறந்த காலம் அது. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் வளர்ந்தது. அவர் 1899-இல் இறந்த பிறகு மகன்கள் மோரிஸும் ஜார்ஜும் அப்பாவின் முழுப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். அப்படித்தான் ‘போல்-ரோஜே’ ஒரு குடும்பத்தின் பெயரானது.

அடுத்த ஆண்டே பேரிடி. 1900 பிப்ரவரி 23 அன்று அதிகாலையில் எபெர்னேயில் அவர்களுடைய நிலவறைகளின் ஒரு பெரிய பகுதி அப்படியே இடிந்து உள்ளே போனது. மேலே இருந்த கட்டடங்களும் சேர்ந்து விழுந்தன. 500 பீப்பாய்கள், 15 லட்சம் பாட்டில்கள் மண்ணுக்குள் புதைந்தன. அப்பா இறந்து ஓராண்டுகூட சரியாக ஆகாத நிலையில் இரண்டு இளைஞர்கள் இதைச் சந்தித்தார்கள். மற்ற நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. இருவரும் திரும்பக் கட்டினார்கள். சுவாரசியம் என்னவென்றால், 2018-இல் அந்த இடத்துக்கு அருகே புதிய கட்டடத்துக்காகத் தோண்டியபோது புதைந்த நிலவறையின் ஒரு வெற்றிடம் தென்பட்டது. அதற்குள் உடையாத சில பாட்டில்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை, மது குறையாமல் இருந்தன.

1914 செப்டம்பரில் ஜெர்மன் படை எபெர்னேக்குள் வந்தபோது மோரிஸ் போல்-ரோஜேதான் நகர மேயர். அதிகாரிகள் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. சுட்டுவிடுவோம், ஊரைக் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டியும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் அந்த ஆண்டு அறுவடை நடந்தது. ஆண்கள் போர்முனையில் இருந்ததால் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் திராட்சை பறித்தார்கள். அந்த 1914 விண்டேஜ் இந்த நிறுவனத்தின் மிகப் புகழ்பெற்ற விண்டேஜ்களில் ஒன்றாக ஆகியிருக்கிறது.

சரி, சர்ச்சில் எங்கே வந்தார்? அவர் வெகு காலமாகவே போல் ரோஜேயின் வாடிக்கையாளர். நெருக்கம் பிறந்தது 1944-இல். பாரிஸ் விடுதலையான சில மாதங்களுக்குள் பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்த ஒரு விருந்தில் அந்தக் குடும்பத்து மருமகள் ஓடெட் போல்-ரோஜேயை அவர் சந்தித்தார். அன்று ஊற்றப்பட்டது 1928 போல் ரோஜே. அந்தப் பெண்மணியோடும் அந்த விண்டேஜோடும் உண்டான பிரியம் சாகும்வரை நீடித்தது. அவருடைய பிறந்தநாள்களுக்கு ஓடெட் ஷாம்பெயின் பெட்டி அனுப்பினார். சர்ச்சில் தன் பந்தயக் குதிரை ஒன்றுக்கு இந்த ஷாம்பெயினின் பெயரையே வைத்தார். 1965-இல் அவர் இறந்தபோது, பிரிட்டனுக்குப் போகும் பாட்டில்களின் லேபிளில் போல் ரோஜே கறுப்புப் பட்டை அச்சிட்டது. 1975 விண்டேஜில் முதல்முறையாக அவர் பெயரில் ஒரு ஷாம்பெயின் செய்து, அவர் பிறந்த பிளெனிம் மாளிகையில் 1984-இல் வெளியிட்டார்கள். முதல் வெளியீடு மேக்னம் எனப்படும் இரட்டை அளவு பாட்டிலில் மட்டும்.

சர்ச்சிலின் அரசியலைப் பற்றி, குறிப்பாக 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி, நம் ஊர்க்காரர்களுக்குத் தீர்மானமான கருத்து இருக்கும். எனக்கும் உண்டு. அந்தப் பெயர் போட்ட பாட்டிலைத் தன் மேசையில் வைக்க மனம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கிறேன். அப்படிப்பட்டவர் மற்ற இரண்டில் ஒன்றை எடுக்கலாம். நான் இந்த மதுவை எடை போடுவது அதைச் செய்த குடும்பத்தையும் நிலத்தையும் வைத்து. பெயர் சூட்டப்பட்டவரை வைத்து இல்லை.

மதுவுக்கு வருவோம். எத்தனை சதவீதம் எந்தத் திராட்சை என்று போல் ரோஜே சொல்வதில்லை. பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை பெரும்பங்கு, ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை மீதி என்பது மட்டும் வெளிப்படை. சர்ச்சில் உயிரோடு இருந்த காலத்திலேயே கொடி நடப்பட்டிருந்த, கிராண்ட் க்ரூ எனப்படும் மிக உயர்ந்த தகுதியுள்ள ஊர்களின் தோட்டங்களிலிருந்து எடுக்கிறார்கள். அவர் விரும்பியது திண்மையும் முதிர்ச்சியும் உள்ள ஷாம்பெயின் என்பதால் கலவையும் அந்தத் திசையில்தான் போகிறது.

போல் ரோஜேயின் நிலவறைகள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. ஆழமான பகுதி தரையிலிருந்து 33 மீட்டர் கீழே, 9 டிகிரி குளிரில். பொதுவான ஷாம்பெயின் நிலவறைகளைவிட இது இரண்டு டிகிரியாவது குறைவு. அந்தக் குளிரில் பாட்டிலுக்குள் நொதித்தல் மிக மெதுவாக நடக்கிறது. இவர்களுடைய குமிழிகள் பொடிப்பொடியாக, நாக்கைக் குத்தாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள். பாட்டிலை நாள்தோறும் கொஞ்சம் திருப்பிச் சாய்த்து வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் வேலையை இன்று ஏறக்குறைய எல்லாரும் இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள். போல் ரோஜே அதை இன்னும் கையால் செய்கிறது. கையால் திருப்புவதால் ருசி கூடுகிறதா என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வேலையைத் தெரிந்த ஆட்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் இடத்தில் மற்ற வேலைகளும் அவசரப்படாமல் நடக்கின்றன. மதுவில் அது தெரிகிறது.

கிளாஸில் ஊற்றினால் முதலில் வருவது பழுத்த பேரிக்காய், சுட்ட ரொட்டி, கொஞ்சம் தேன். வாயில் எடை உண்டு. அதே சமயம் பின்னால் சுண்ணாம்புக் கல்லின் கறார்த்தனமும் எலுமிச்சைப் புளிப்பும் நிமிர்ந்து நிற்கின்றன. சாப்பாட்டோடு உட்கார்ந்து குடிக்கத் தகுந்த ஷாம்பெயின் இது. தோலோடு சுட்ட கோழி, வெண்ணெயில் வதக்கிய காளான், பழைய கோம்தே சீஸ் எதற்கும் அது பின்வாங்காது. ஷாம்பெயின் என்றால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவது என்று பழகியவர்கள்கூட இதில் இரண்டாம் கிளாஸ் கேட்பார்கள்.

டைட்டிங்கர்: விற்றதைத் திரும்ப வாங்கிய குடும்பம்

கோம்ட் த ஷாம்பெயின் முழுக்க முழுக்க ஷார்டனே. எபெர்னேக்குத் தெற்கே ‘கோட் தே பிளாங்’ என்ற வெள்ளைச் சுண்ணாம்புச் சரிவில் அவீஸ், க்ராமான், ஷூயி, ஓஜே, லெ மெனில் என்று ஐந்து கிராண்ட் க்ரூ ஊர்கள். அந்த ஐந்திலிருந்து மட்டுமே திராட்சை, அதிலும் முதல் பிழிவு மட்டும். ஒரு சிறு பங்கு, நூற்றுக்கு ஐந்து என்ற அளவில், சில மாதங்கள் புது ஓக் பீப்பாயில் இருக்கும். மீதி எல்லாம் தொட்டியில். முதல் விண்டேஜ் 1952. பெயர் மத்திய கால ஷாம்பெயின் நாட்டுப் பிரபுக்களை, குறிப்பாகக் கவிஞராகவும் இருந்த நான்காம் திபோவை நினைத்து வைத்தது.

இந்த மது உறங்கும் இடமே ஒரு காரணமாக இதை வாங்குபவர்கள் உண்டு. ரான்ஸில் சான் நிக்கேஸ் குன்றின் அடியில், நான்காம் நூற்றாண்டில் ரோமானிய காலத்து மக்கள் கட்டடங்களுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த குழிகள் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்தே பதின்மூன்றாம் நூற்றாண்டு மடாலயத்தின் அடித்தளமும் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மேலே இருந்த மடாலயம் போய்விட்டது, கீழே இருந்தது தப்பித்தது. கோம்ட் பாட்டில்கள் அந்தக் குழிகளுக்குள்தான் பத்து வருடத்தைக் கழிக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ ஷாம்பெயின் வட்டாரத்தை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது இந்தக் குன்றும், போல் ரோஜே இருக்கும் எபெர்னேயின் ஷாம்பெயின் அவென்யூவும் அந்தப் பட்டியலில் வந்தன.

குடும்பக் கதை இங்கே கொஞ்சம் சிக்கலானது. நிறுவனத்தின் வேர் 1734-இல் ஜாக் ஃபூர்னோ தொடங்கிய வியாபாரம். முதல் உலகப் போரில் எபெர்னேக்கு அருகே மார்க்கெத்தெரி என்ற பண்ணை மாளிகையைப் பார்த்து மயங்கிய படைவீரர் பியேர் டைட்டிங்கர், 1930-களின் தொடக்கத்தில் அதையும் இந்த வியாபாரத்தையும் வாங்கினார். மகன்கள் பெருக்கினார்கள். ஹோட்டல்கள், கண்ணாடிப் பொருள் நிறுவனம் என்று குடும்பச் சொத்து விரிந்தது. பங்குகள் நிறையப் பேரிடம் பிரிந்து கிடந்ததால் 2005-இல் மொத்தத்தையும் ஸ்டார்வுட் கேப்பிட்டல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஷாம்பெயினும் அதோடு போய்விட்டது.

பியேர்-எம்மானுவெல் டைட்டிங்கர் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே, உள்ளூர் விவசாயிகளின் கூட்டுறவு வங்கியான கிரெடி அக்ரிகோலின் வடகிழக்குக் கிளையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஷாம்பெயின் நிறுவனத்தை மட்டும் திரும்ப வாங்கினார். 2020 முதல் அவருடைய மகள் விட்டாலி தலைவர். எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்த பக்கமே இதுதான். சொத்து வம்சாவளியாக வந்ததால் வைத்திருக்கிறார்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. கடன் வாங்கித் திரும்பப் பிடித்தவர்கள். குடும்ப நிறுவனம் என்ற முத்திரை எவ்வளவு எளிதில் கைமாறிவிடும் என்பதற்கும் இதுவே சாட்சி.

கோம்டின் ருசி சர்ச்சிலுக்கு நேர் எதிர்ப்பக்கம். எடை குறைவு, நீளம் அதிகம். இளமையில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஈரச் சுண்ணாம்பு. வயதானதும் வறுத்த பாதாம், வெண்ணெய் ரொட்டி. நண்டு, சிப்பி, வேகவைத்த இறால் போன்றவற்றோடு இதற்கு இணை சொல்ல முடியாது. மூன்றில் பொதுவாக விலை குறைவும் இதுதான். விருந்தில் கடலுணவுதான் பிரதானம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சர்ச்சிலை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடிப்பதானாலும் இதுவே மேல்.

ஒரே தயக்கம், இளமையில் இது கொஞ்சம் மூடிக்கொண்டு இருக்கும். வாங்கிய வாரத்திலேயே திறந்தால் நேர்த்தி தெரியும், ஆழம் தெரியாது.

கிரிஸ்டல்

பெயரைப் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். இரவு விடுதிகளில் பட்டாசுக் குச்சி செருகிக் கொண்டுவரும் பாட்டில் என்று பதிந்துபோனதால் தீவிரமாக மது குடிக்கிற சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். மூன்றில் மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படுகிற மது இதுதான்.

நிறுவனம் 1776-இல் தொடங்கியது. 1833-இல் லூயி ரோடெரருக்கு வாரிசாக வந்தது. மற்றவர்கள் விவசாயிகளிடம் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் வெர்ஸனே போன்ற ஊர்களில் நிலமாக வாங்கத் தொடங்கினார். ஷாம்பெயினில் இது பெரிய விஷயம். வட்டாரத்தின் சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டங்களில் பெரும்பகுதி இன்றும் சிறு விவசாயிகளிடமே இருக்கிறது, பெரிய பெயர்கள் அவர்களிடம் வாங்கித்தான் செய்கின்றன. போல் ரோஜேக்குச் சொந்த நிலம் தேவையில் பாதிக்குத்தான் போதும். கிரிஸ்டலோ முழுக்க ரோடெரரின் சொந்தத் தோட்டத்துப் பழம்.

1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காகச் செய்தது இந்த மது. ஒளி ஊடுருவும் கண்ணாடி, தட்டையான அடிப்பாகம். பாட்டிலின் குழிந்த அடியில் வெடிகுண்டு ஒளித்துவிடலாம் என்ற பயம் அரசருக்கு இருந்தது என்று சொல்வார்கள். அரசர் 1881-இல் குண்டுவீச்சில்தான் இறந்தார். 1917 புரட்சியோடு ரஷ்யச் சந்தை மொத்தமாகப் போனது. அந்தச் சரிவிலிருந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் கமீல் ஓல்ரி-ரோடெரர். 1930-களின் தொடக்கத்தில் கணவரை இழந்த பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அவர் நடத்தினார். இன்று நடத்துவது அதே வழியில் வந்த ஃபிரெடரிக் ரூஸோ.

நிலவறைத் தலைவர் ஜான்-பாப்டிஸ்ட் லெக்காயோன் கிரிஸ்டலுக்கான தோட்டங்களை உயிராற்றல் வேளாண்மைக்கு (பயோடைனமிக் எனப்படும் ஒருவகை இயற்கை வேளாண்மை) மாற்றினார். 2012 விண்டேஜ் முதல் முழுவதும் அந்த முறைதான். பினோ நுவார் ஏறக்குறைய அறுபது சதவீதம், மீதி ஷார்டனே. பெரும்பாலும் புளிப்பை மென்மையாக்கும் இரண்டாம் கட்ட மாற்றத்துக்கு விடுவதில்லை, அதனால் புளிப்பு கூர்மையாக நிற்கிறது. பத்து வருடத்துக்குள் திறந்தால் இறுக்கமாக இருக்கும். பதினைந்து, இருபது வருடம் போனால் இந்த மூன்றில் இதுவே உச்சத்துக்குப் போகும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நம் கேள்வி, இந்த ஆண்டு திறக்கப்போகும் ஒரு பாட்டிலைப் பற்றியது. மூன்றிலும் விலை கூடியதை வாங்கி, அது தயாராவதற்குள் திறப்பது பணத்தையும் மதுவையும் சேர்த்து வீணாக்குவது. குழந்தை பிறந்த ஆண்டின் விண்டேஜை வாங்கி அதன் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு வைக்க நினைக்கிறீர்கள், சரியான சேமிப்பு வசதியும் இருக்கிறது என்றால் கிரிஸ்டல்தான்.

எந்த ஆண்டு?

பெயரைத் தேர்ந்தெடுப்பதைவிட இது முக்கியம். மூன்று நிறுவனங்களும் 2008, 2012, 2013 மூன்றையும் வெளியிட்டிருக்கின்றன.

2008 குளிர்ச்சியான ஆண்டு. புளிப்பும் பழமும் அபூர்வமான சமநிலையில் அமைந்தன. ரோடெரர் அந்த ஆண்டின் கிரிஸ்டலை 2009 விண்டேஜ் வெளிவந்த பிறகுதான் வெளியே விட்டது, அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. இன்று கிடைத்தாலும் கைமாறிக் கைமாறி விலை ஏறிப்போயிருக்கும். 2012-இல் வசந்தத்தில் பனியும் ஆலங்கட்டியும் பூஞ்சையும் கொடிகளைப் பாதித்து விளைச்சல் குறைந்தது. மிஞ்சிய கொத்துகளுக்கு நல்ல ஆகஸ்ட் வெயில் கிடைத்ததால் செறிவான, முழுமையான மது வந்தது. இப்போது திறக்க மிக நல்ல நிலையில் இருக்கிறது. 2013 அக்டோபர் வரை இழுத்த தாமதமான அறுவடை, பழைய கால ஷாம்பெயின் போல மெலிந்த கட்டுக்கோப்பு. ஷார்டனேக்கு அது அருமையாகப் பொருந்தியது, அதனால் கோம்ட் எடுப்பவர்கள் 2013-ஐத் தேடலாம். 2015 வெப்பமும் வறட்சியும். அந்த ஆண்டின் சர்ச்சிலும் கிரிஸ்டலும் சீக்கிரமே இணக்கமாகிவிடும், நீண்ட காலம் வைப்பதற்கு மற்ற ஆண்டுகளை நம்புவேன்.

ஆக, சர்ச்சில் 2012. கிடைக்காவிட்டால் 2015. இரண்டுமே இன்று திறந்தால் முழுதாகப் பேசும்.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு சர்ச்சில் வாங்கும் பணத்தில் போல் ரோஜேயின் சாதாரண ‘ப்ரூட் விண்டேஜ்’ இரண்டு வாங்கலாம். அறுபது சதவீதம் பினோ நுவார், நாற்பது சதவீதம் ஷார்டனே, இருபது ஊர்களின் திராட்சை, அதே குளிர் நிலவறை, கையால் திருப்பும் அதே ஆட்கள். ஏழெட்டு வருடம் வண்டலோடு இருந்துதான் வெளியே வருகிறது. நான்கு பேருக்கு மேல் கூடும் விருந்து என்றால் ஒரு பாட்டில் ஆளுக்கு ஒரு கிளாஸோடு முடிந்துவிடும், அதைவிட இரண்டு பாட்டில் நல்ல விண்டேஜ் மேல். சர்ச்சில் இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து குடிப்பதற்கானது. முதல் கிளாஸுக்கும் ஒரு மணி நேரம் கழித்து ஊற்றும் கிளாஸுக்கும் இருக்கும் வேறுபாட்டைப் பார்க்காவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பாட்டிலை எங்கே வைத்திருந்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அலமாரியில் நின்றுகொண்டிருந்த பாட்டில் வேண்டாம். கிரிஸ்டலுக்கு இது இன்னும் முக்கியம், ஒளி ஊடுருவும் கண்ணாடி என்பதால்தான் அதை மஞ்சள் செலோபேன் தாளில் சுற்றி விற்கிறார்கள். குடிக்கும் நேரம்வரை அந்தத் தாளைப் பிரிக்காதீர்கள். வண்டல் நீக்கிய தேதி லேபிளில் இருந்தால் பாருங்கள், நீக்கி ஓராண்டாவது ஆகியிருந்தால் மது அடங்கி ஒன்றுசேர்ந்திருக்கும்.

சென்னை, சிங்கப்பூர், கொழும்பு மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் மது வைப்பதற்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாமல் வருடக்கணக்கில் சேமிக்க முயல வேண்டாம். முப்பது டிகிரியில் ஒரு கோடைக்காலம் போதும், பத்து வருட உழைப்பு தட்டையாகிவிடும். விருந்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் வாங்கிச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

பரிமாறும்போது உறையக் குளிர்ந்திருக்கக் கூடாது. பத்து முதல் பன்னிரண்டு டிகிரி சரி, அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு. ஒடுங்கிய நீளக் கிளாஸில் சர்ச்சிலின் மணம் எழவே எழாது. வெள்ளை மதுவுக்கான வயிறு அகன்ற கிளாஸ் எடுங்கள். கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், சத்தம் வராமல் மெதுவாக விடுங்கள். வெடித்துத் திறந்தால் குமிழியில் ஒரு பங்கு அப்போதே போய்விடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மிளகாய்க் காரம் மூன்று ஷாம்பெயினையுமே அடித்துவிடும். உப்பும் எண்ணெயும் ஒத்துப்போகும். காரம் குறைத்து மிளகு மட்டும் தூவிய மீன் வறுவல், வெண்ணெயில் சுட்ட கோழி, வறுத்த முந்திரி இவற்றோடு சர்ச்சிலைத் திறங்கள். பிரியாணியும் குழம்பும் பிறகு வரட்டும்.